குடிப்பவர்கள் காப்பாற்றிய பீர்: செயின்ட் ஆல்பன்ஸ்

லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் வடக்கே போகும் விரைவு ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்தில் செயின்ட் ஆல்பன்ஸ். ஹார்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தின் சின்ன நகரம். சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் பேராலயத்தையும் ரோமானியச் சுவர்களையும் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். இரண்டும் பார்க்கவேண்டியவைதான். ஆனால் இந்த ஊரின் தெருக்களில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. அது பப்புகளின் வரலாறு. அழிந்துபோக இருந்த ஒரு பானத்தை, அதைக் குடிக்கிற சாதாரண மக்களே சங்கம் சேர்ந்து மீட்டார்கள். அந்தச் சங்கம் வேர்விட்ட ஊர் இது. அதனால் இங்கே கடை கடையாக ஏறி இறங்குவதை வெறும் குடிக்கூத்தாக எண்ண என்னால் முடியவில்லை.

இத்தனை சிறிய ஊரில் ஏன் இத்தனை பப்புகள் என்பதற்கு விடை மண்ணிலேயே இருக்கிறது. ரோமானியர் காலத்தில் இங்கே வெருலாமியம் என்ற நகரம் இருந்தது. பொ.ஆ. 60 வாக்கில் ரோமானியரை எதிர்த்து எழுந்த அரசி பூடிக்காவின் படை அதைக் கொளுத்தியது; நகரம் மறுபடி எழுந்தது. பின்னர் ஆல்பன் என்ற ஊர்க்காரர் ஒரு கிறித்தவப் பாதிரியாருக்குத் தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்து, அதற்காகத் தலை வெட்டப்பட்டார். பிரிட்டனின் முதல் இரத்த சாட்சி அவர்தான் என்பது மரபு. அவர் சமாதியைத் தேடி நூற்றாண்டுக் கணக்காக யாத்திரிகர்கள் நடந்து வந்தார்கள். பிறகு லண்டனிலிருந்து வடமேற்கே போகும் குதிரை வண்டிகளுக்கு இது முதல் பெரிய நிறுத்தமாயிற்று. யாத்திரிகனுக்கும் வண்டிக்காரனுக்கும் படுக்கை வேண்டும், சாப்பாடு வேண்டும், குடிக்க ஏல் என்னும் பீர் வேண்டும். பக்கத்தில் வேர் என்ற ஊர், லண்டனுக்கே பீர் காய்ச்சும் மால்ட் அனுப்பிய ஊர். சத்திரங்கள் பெருகியதில் வியப்பில்லை.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடந்து வந்து ஹாட்ஃபீல்டு சாலைக்குத் திரும்பினால் 'மெர்மெய்ட்'. பெரிய கடையில்லை, அலங்காரமும் இல்லை. பீப்பாய் ஏலுக்கும், ஆப்பிளிலும் பேரிக்காயிலும் செய்யும் சைடர், பெர்ரி வகைகளுக்கும் பேர்போனது. முதல் கோப்பையை இங்கே வாங்கச் சொல்வேன். கவுன்டரில் நிற்கும் உயரமான கைப்பிடிகளைக் கவனியுங்கள். கடைக்காரர் அதைப் பிடித்துத் தம் பக்கம் இழுக்கும்போது, கீழே நிலவறையில் கிடக்கும் பீப்பாயிலிருந்து பீர் மேலே ஏறிவருகிறது. வாயு தள்ளவில்லை, கைதான் இழுக்கிறது.

இதைத்தான் ரியல் ஏல் என்கிறார்கள். ஆலையிலிருந்து புறப்படும்போது இந்தப் பீர் முடிந்துபோன சரக்கு அல்ல. அதில் உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது. பீப்பாய்க்குள் அது மிச்சச் சர்க்கரையைத் தின்று, மெல்லிய நுரையைத் தானே உண்டாக்குகிறது. சூடாக்கி ஈஸ்ட்டைக் கொல்வது கிடையாது, வடிகட்டுவதும் கிடையாது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் வேறு கள்ளாகிவிடும் என்று நமக்குத் தெரியும்; இதன் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான், ஓட்டம் மட்டும் மெது.

ஆகவே பாதி வேலை பப்பின் நிலவறையில் நடக்கிறது. ஃபர்கின் எனப்படும் பீப்பாய் 9 கேலன் கொள்ளும். அதாவது 72 பைன்ட், ஒரு பைன்ட் 568 மில்லி. வந்து இறங்கியதும் அதைச் சாய்த்துப் படுக்கவைத்து அசையாமல் விடவேண்டும். மேல்துளையில் மென்மையான மரமுளை ஒன்றை அடித்து, அதிகப்படி வாயு கசிந்து போக விடுவார்கள். துடிப்பு அடங்கியதும் கெட்டியான முளைக்கு மாற்றுவார்கள். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருள் ஈஸ்ட்டை அடியில் படியவைக்கும். சைவ உணவுக்காரர்கள் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது, இப்போது அது சேர்க்காத பீர்களும் கிடைக்கின்றன. நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கவேண்டும். பீப்பாயைத் திறந்து பீரை எடுக்க ஆரம்பித்தால் உள்ளே காற்று புகும். சுமார் மூன்று நாளில் காலி செய்துவிடவேண்டும். நாலாம் நாள் புளிப்பு தட்டும். 'வெதுவெதுப்பான ஆங்கிலேய பீர்' என்று கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் சரியாகப் பராமரிக்காத பீப்பாயில் குடித்தவர்களாக இருப்பார்கள். நன்றாக வைத்த ஏல் குளிர்ந்தே இருக்கும், நாக்கை மரக்கவைக்கிற அளவுக்கு மட்டும் இருக்காது. அந்த வெப்பத்தில்தான் பார்லியின் ரொட்டி வாசமும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தனித்தனியாகத் தெரியும்.

அடுத்து மார்க்கெட் பிளேஸ். 1403க்கும் 1412க்கும் இடையே கட்டிய மணிக்கூண்டு இங்கே நிற்கிறது. அதற்கு எதிரே 'பூட்', தாழ்ந்த உத்தரங்களுள்ள பழங்கடை. 1455இல் ரோஜாப் போர்களின் முதல் சண்டை இந்தத் தெருக்களில்தான் நடந்தது. எனக்கு இங்கே சொல்லத் தோன்றுவது இன்னும் அண்மைக் காலத்துச் சண்டை. 2017இல் இங்கிலாந்து முழுக்க வணிகக் கட்டடங்களுக்கான வரி மறுமதிப்பீடு செய்யப்பட்டபோது, இந்த ஊரின் பல பப்புகளுக்கு வரி தாங்கமுடியாத அளவு ஏறியது. மற்றக் கடைகளுக்குப் பரப்பளவை வைத்து மதிப்புப் போடுவார்கள்; பப்புக்கோ எவ்வளவு வியாபாரம் நடக்கக்கூடும் என்பதை வைத்துப் போடுகிறார்கள். ஒருவர் உழைத்து நல்ல கூட்டம் சேர்த்தால் அடுத்த மதிப்பீட்டில் அந்த உழைப்பே வரியாக வந்து நிற்கிறது. இது நியாயமில்லை என்று ஊர்ப் பப்புக்காரர்கள் போட்டியை மறந்து ஒன்றுகூடி 'சேவ் செயின்ட் ஆல்பன்ஸ் பப்ஸ்' என்ற இயக்கமாகக் குரல் எழுப்பினார்கள். அவர்கள் பக்கம்தான் நான்.

மார்க்கெட்டிலிருந்து கீழிறங்கி லோயர் டாக்னல் தெருவுக்குப் போனால் 'ஃபாரியர்ஸ் ஆர்ம்ஸ்'. வெளியே பார்த்தால் குடியிருப்புத் தெருவின் மூலைக் கடை. சுவரிலுள்ள பலகையைப் படிக்காமல் பலர் கடந்துபோகிறார்கள். தொடக்கத்தில் நான் சொன்ன அந்தச் சங்கமான காம்ரா இயக்கத்தின் ஹார்ட்ஃபோர்டுஷயர் கிளை முதன்முதலாக இங்கே கூடியதை அந்தப் பலகை சொல்கிறது. நாள் 1972 நவம்பர் 20.

அதற்குப் பின்னாலிருந்த கதை இது. 1960களில் பிரிட்டனின் பீர்த் தொழில் ஆறு பெரிய நிறுவனங்களின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஊர் ஊராக இருந்த ஆலைகளை வாங்கி மூடினார்கள். பீப்பாய் ஏலுக்குப் பதிலாக, வடிகட்டி, சூடாக்கி, கரியமில வாயு அழுத்தத்தில் உலோகக் கலனில் அடைத்த 'கெக்' பீரைத் தள்ளினார்கள். அவர்கள் பக்கத்துக் கணக்கும் புரிந்துகொள்ளக் கூடியதே. கெக் கெடாது, நிலவறைப் பக்குவம் தெரிந்த ஆள் வேண்டாம், நாடு முழுக்க ஒரே பெயரில் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யலாம். வாட்னி நிறுவனத்தின் 'ரெட் பேரல்' அந்தக் காலத்தின் அடையாளம். ருசி மட்டும்தான் கணக்கில் வரவில்லை.

1971 மார்ச்சில் அயர்லாந்தின் கெரி கடற்கரையில் விடுமுறையிலிருந்த நான்கு இளைஞர்கள் டன்குவின் கிராமத்து மதுக்கடையில் இதைப் பேசி ஆற்றாமல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மைக்கேல் ஹார்ட்மேன், கிரகாம் லீஸ், ஜிம் மேக்கின், பில் மெல்லர். ஏல் புத்துயிர்ப்பு இயக்கம் என்று முதலில் பெயர். 1973இல் அது 'ரியல் ஏல் இயக்கம்' ஆயிற்று; சுருக்கமாகக் காம்ரா. தலைமையகம் செயின்ட் ஆல்பன்ஸில் அமைந்து பல பத்தாண்டுகள் இங்கிருந்தே இயங்கி வந்திருக்கிறது. மெர்மெய்ட் இருக்கும் அதே ஹாட்ஃபீல்டு சாலைதான் முகவரி.

கூட்டம் போட்டார்கள், மூடும் ஆலைகளின் வாசலில் ஊர்வலம் நடத்தினார்கள், நல்ல ஏல் கிடைக்கும் கடைகளைப் பட்டியலிட்டுக் கையேடு வெளியிட்டார்கள். 1974இல் முறையான நூலாக வந்த முதல் கையேட்டில் வாட்னியின் பீரைக் கொள்ளைநோய்போல் விலக்கும்படி எழுதியிருந்ததாகவும், அச்சகத்தார் பயந்து அதை மென்மையாக்க வைத்ததாகவும் இயக்கத்தார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். நான்கு பேரில் தொடங்கியது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பாக வளர்ந்தது. நுகர்வோர் இயக்கம் என்றால் கெட்டுப்போன சரக்குக்குப் பணத்தைத் திரும்பக் கேட்பது என்றே நாம் பழகிவிட்டோம். ஒரு கைத்திறனே அழியாமல் பார்த்துக்கொள்வதும் நுகர்வோரின் வேலையாக இருக்கமுடியும் என்று இவர்கள் காட்டினார்கள்.

ஃபாரியர்ஸில் ஹார்ட்ஃபோர்டின் மெக்மல்லன் ஆலையின் ஏ.கே. கேளுங்கள். 1827இல் தொடங்கி இன்னும் குடும்பத்தார் கையிலுள்ள ஆலை. ஏ.கே.யின் போதை 4 விழுக்காட்டுக்கும் கீழே. மூக்கைத் துளைக்கும் மணம் ஏதுமில்லை. இரண்டாவது மடக்கில்தான் அதன் அழகு பிடிபடும். பேசிக்கொண்டே குடிப்பதற்கென்று செய்த பீர். ஆங்கிலேய ஏலின் மேதைமை இந்தக் குறைந்த போதையில் இவ்வளவு ருசியை வைப்பதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

அங்கிருந்து ஃபிஷ்பூல் தெரு. ஊரிலேயே அழகான தெரு இதுதான். வளைந்து வளைந்து நதியை நோக்கி இறங்குகிறது. பாதி வழியில் 'லோயர் ரெட் லயன்', 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பிரிட்டனில் பல பப்புகள் ஏதோவொரு ஆலைக்கோ பப் கம்பெனிக்கோ கட்டுப்பட்டவை; அவர்கள் தரும் சரக்கைத்தான் விற்கமுடியும். கட்டில்லாத கடைக்கு 'ஃப்ரீ ஹவுஸ்' என்று பெயர். இந்தக் கடை அப்படிப் பெயர் வாங்கியது. சிறு ஆலைகளின் பீர்கள் இங்கே மாறி மாறி வரும். 1989இல் அரசு கொண்டுவந்த பீர் ஆணைகள் பெரிய நிறுவனங்கள் பப்புகளை வளைத்துப் போடுவதற்கு வரம்பு கட்டின. 2002இல் சிறு ஆலைகளுக்குக் கலால் வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். புதிய ஆலைகள் நாடெங்கும் முளைக்க அந்த வரிக்குறைப்பு பெரிய துணை. 1992இலேயே தொடங்கிய ட்ரிங் ஆலை இந்த மாவட்டத்துப் பிள்ளை. அதன் 'சைடு பாக்கெட் ஃபார் எ டோட்' எங்கே கண்டாலும் அரை பைன்ட் வாங்கிப் பாருங்கள். எலுமிச்சை வாசமுள்ள இளம்பொன் நிறப் பீர்.

தெரு முடிவில் செயின்ட் மைக்கேல் கிராமம். அங்குள்ள தேவாலயத்தில் பிரான்சிஸ் பேக்கனின் நினைவுச்சிலை இருக்கிறது. அருகே 'சிக்ஸ் பெல்ஸ்'. ரோமானிய மதிலுக்குள்ளே இருந்த நகரப்பரப்பில் நிற்கும் பப் இது. சாப்பாட்டுக்கு நல்ல இடம். பிறகு பூங்கா வழியாக, ஏரியைச் சுற்றி, வெர் நதிக்கரையில் 'யீ ஓல்ட் ஃபைட்டிங் காக்ஸ்'. எட்டு மூலைக் கட்டடம். ஒரு காலத்தில் பேராலயத்தோடு சேர்ந்திருந்த மடாலயத்தின் புறாக்கூண்டாக இருந்தது. 1539இல் மடம் கலைக்கப்பட்ட பிறகு இங்கே பெயர்த்து எழுப்பப்பட்டது. உள்ளே சேவற்சண்டை நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் மிகப் பழைய பப் என்று உரிமை கொண்டாடுவார்கள். சான்று போதாது, கின்னஸ் பதிவும் அந்தப் பட்டத்தைப் பிறகு கைவிட்டது. கூட்டமெல்லாம் புகைப்படக் கருவியோடு இங்கேதான் நிற்கிறது. கட்டடத்தின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் ஃபாரியர்ஸுக்குப் போங்கள் என்பேன். 2022 தொடக்கத்தில் பெருந்தொற்று நட்டத்தில் ஃபைட்டிங் காக்ஸ் கதவைச் சாத்தியபோது உலகமெங்கும் செய்தியானது. சில மாதங்களில் புதியவர்கள் எடுத்து நடத்த மீண்டும் திறந்தது. செய்தியில் வராமல் மூடுகிற பப்புகள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில்.

பேராலயத்தின் பக்கமாக மேடேறி ஹாலிவெல் ஹில்லைக் கடந்தால் சோப்வெல் லேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதுச் சாலை போடும்வரை லண்டன் வண்டிகள் இந்த ஒடுங்கிய சந்து வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. 'கோட்', 'ஒயிட் லயன்' என்ற பப்புகள் அந்தப் போக்குவரத்தை நினைவுபடுத்தி நிற்கின்றன. சற்றுத் தள்ளி கீஃபீல்டு டெரசில் 'ஒயிட் ஹார்ட் டாப்'. அக்கம்பக்கத்தார் நாயோடும் செய்தித்தாளோடும் வந்து உட்காரும் கடை.

இந்த நடையில் கிராஃப்ட் பீர் எங்கே என்று இளையவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் கடையிலும் கைப்பம்புக்குப் பக்கத்திலேயே கெக் குழாய்களும் நிற்கின்றன. மாம்பழ மணம் வீசும் கலங்கிய ஐ.பி.ஏ. என்கிற இந்தியா பேல் ஏல், பழச்சாறுபோல் புளிக்கும் பீர், காப்பி சேர்த்த ஸ்டவுட் எல்லாம் அவற்றில் வரும். ஐ.பி.ஏ.வுக்கு நம் பக்கத் தொடர்பும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் ஹாப்ஸ் தூக்கலாகப் போட்டு அனுப்பிய பீரின் வழிவந்தது அது. எந்தக் கெக்கை எதிர்த்து இயக்கம் பிறந்ததோ அதே கெக்கில் இப்போது நேர்த்தியான பீர் வருவது பழைய உறுப்பினர்களைச் சங்கடப்படுத்தியது. 2018இல் காம்ரா, பீப்பாய் ஏலுக்கு அப்பாலும் நல்ல பீர் குடிக்கும் எல்லோருக்காகவும் பேசலாமா என்று வாக்கெடுத்தது. முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். சற்றே குறைந்து தோற்றது. ஆதரித்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆயினும் எதிர்த்தவர்களின் கவலையில் உண்மை உண்டு. கெக்கில் அடைத்த பீர் வாரக்கணக்கில் காத்திருக்கும். பீப்பாய் காத்திருக்காது, மூன்று நாளைக்குள் 72 பைன்ட் விற்கும் அளவுக்கு ஆட்கள் வந்தால்தான் கடைக்காரர் அடுத்ததைத் திறப்பார்.

ஆகவே இந்த ஊருக்கு வந்தால் கைப்பம்பிலிருந்து ஒன்றாவது கேளுங்கள். அரை பைன்டாகவே வாங்குங்கள். அதைக் குறைவாக யாரும் நினைக்கமாட்டார்கள். எது வாங்குவதென்று தெரியாவிட்டால் ருசிபார்க்க ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். ஒரே நாளில் எல்லாக் கடைக்கும் போகவேண்டியதில்லை. நாலு கடை, நடுவில் ஒரு நல்ல சாப்பாடு, போதும். பீர் புளித்திருந்தால் கூச்சப்படாமல் கவுன்டரில் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் வாதாடாமல் வேறு பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்தப் பீப்பாயைப் பார்க்க நிலவறைக்கு இறங்குவார்.