மலைநாட்டு இருளும் மலிவான மின்சூளும்

கல்விப் பணி, சமயப் பணி முதலாய பெரும் பொருள்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதும் இவ்விழா மலரில், மின்சூளைப் பற்றி எழுதப் புகுந்த எம்மைப் பார்த்துப் பழைய நண்பர் சிலர் நகைத்தல் கூடும். யாழ்ப்பாணத்தில் 'ரோச் லைற்' என்றும் மலைநாட்டில் 'டோர்ச்' என்றும் வழங்கும் அச்சிறு கருவியைப் பற்றி யாம் ஒருவருக்குப் பிழையான ஆலோசனை கூறினோம். அதனால் அவருக்குக் கால் முறிந்தது. விலை குறைந்த மின்சூள் விலை மிகுந்ததற்கு ஈடாகுமா என்ற வினாவை யாம் ஒழுங்காக ஆராயத் தொடங்கியது அதன் பின்னரேயாம். ஆராய்ந்து கண்டதை இங்கு எழுதுகின்றோம்.

கல்லூரியை விட்டு நீங்கிச் சில ஆண்டுகள் கழிந்தபின், 1980 ஆம் ஆண்டில் ஹற்றனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியராக அனுப்பப்பட்டோம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிய காலம் அது. யாழ்ப்பாணத்துச் சமநிலத்திற் பிறந்த எமக்கு இருள் என்பது யாது என்று கற்பித்தது மலைநாடே. மாலை ஐந்து மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். லயத்திலிருந்து பாதைக்கு வர வேண்டுமாயின் கற்படிகளையும், தேயிலை நிரைகளின் இடையே வெட்டிய கான்களையும் கடத்தல் வேண்டும். பொறியியலாளர் விமலசுரேந்திரா கனவு கண்ட லக்ஸபான மின்நிலையம் 1950 ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கிற்று. மலைநாட்டு ஆறுகள் பிறப்பித்த அம்மின்சாரம் கொழும்பு நகரத்தை ஒளி செய்தது. அவ்வாறுகளின் கரையிலிருந்த எமது தோட்டத்து லயங்களிலோ யாம் சென்ற காலத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது.

எம்மிடம் ஒரு நல்ல மின்சூள் இருந்தது. எமது தந்தையார் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் வாங்கித் தந்தது, மூன்று பற்றரிகள் கொள்ளுவது, வெள்ளிபோல் மினுங்குவது. அதனை மேசையின் மீது வைத்துப் பிறர் காண மகிழ்ந்தோமேயன்றி, அதனைத் திறந்து பார்த்தோமில்லை.

1986 ஆம் ஆண்டு ஆடி மாதத்து இரவொன்றில், மேற்கணக்கு லயத்திலிருந்து ஒரு தொழிலாளி ஓடி வந்து எமது கதவைத் தட்டினார். அவர் மனைவிக்குப் பிரசவ வேதனை. அவரைக் கம்பளியில் இட்டு மூங்கிலிற் கட்டி, லொறி நிற்கும் பாதைவரை சுமந்து செல்ல நால்வர் ஆயத்தமாயினர். முன்னே ஒளி காட்டுவது எம் பொறுப்பாயிற்று. மழையோ ஓயவில்லை. இருபது படி இறங்கியதும் எமது மின்சூள் அணைந்தது. தட்டினோம், குலுக்கினோம், பயனில்லை. பற்றரிகள் உள்ளே கசிந்து, சுருள்வில்லைப் பச்சை பூத்து அரித்திருந்ததைப் பின்னரே கண்டோம். அப்பொழுது அத்தொழிலாளி தம் மடியிலிருந்து ஒரு தகர மின்சூளை எடுத்து எமது கையிற் கொடுத்தார். அதன் மூடி தளர்ந்து, சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய இறப்பர் வளையத்தாற் கட்டப்பட்டிருந்தது. பற்றரி ஆடாதபடி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. "மாஸ்டர், வெளிச்சத்த கீழ புடிங்க, கால் வக்கிற எடம் தெரியட்டும்" என்றார். மங்கிய மஞ்சள் ஒளிதான்; ஆயினும் பாதைவரை அணையவில்லை. தாயும் சேயும் டிக்கோயா வைத்தியசாலையிற் பிழைத்தனர். அக்குழந்தை பின்னாளில் எமது வகுப்பிலேயே அரிவரி கற்றாள்.

அன்று முதல், விலையில் ஒன்றுமில்லை, மலிவானதே போதும் என்ற முடிபு எமது உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஓர் இரவின் அனுபவத்தைப் பொதுவிதியாக்கிக் கொண்டமை எமது பிழை.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தமை வாசகர் அறிந்ததே. அக்காலத்தில் முதுமையடைந்திருந்த அதே தொழிலாளி எம்மிடம் வந்து, "எந்த டோர்ச் வாங்கினா நல்லதுங்க மாஸ்டர்?" என்று வினவினார். "கடையில் உள்ளவற்றில் விலை குறைந்ததையே வாங்குங்கள்" என்றோம். அவரும் சுவர்ச் சொருகியில் மாட்டி மின்னேற்றும் ஒன்றை வாங்கினார். அது கண் கூசும் ஒளி தந்தது. மின்வெட்டு நீங்கியதும் அதனைப் பெட்டியில் வைத்துவிட்டார். 2024 ஆம் ஆண்டு மழைக்கால இரவொன்றில், கன்று ஈனும் பசுவைப் பார்க்க அதனை எடுத்துச் சென்றவர், பாதி வழியில் ஒளி அற்றுக் கானில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அவரைப் பார்க்கச் சென்ற எம்மை அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எமக்குப் பெரிதும் வருத்தம் தந்தது.

அதன்பின் நான்கு மின்சூள்களைச் சேர்த்து எமது வீட்டிலே சோதித்தோம். முதலாவது, அவர் வாங்கியது போன்ற சொருகி மின்சூள். இரண்டாவது, பெரிய உலர்பற்றரி இரண்டு கொள்ளும் மலிவான பிளாஸ்ரிக் மின்சூள். மூன்றாவது, மிகப் பெரிய எண்கள் பொறித்த சிறிய உலோக மின்சூள், இதுவும் மலிவே. நான்காவது, கனடாவிலுள்ள எமது மருகர் அனுப்பியது. அதன் விலைக்கு முன்னைய மூன்றையும் பன்முறை வாங்கலாம்.

ஒளியின் அளவில் மலிவானவை தோற்கவில்லை என்பதை முதலிற் கூறுதல் நேர்மையாகும். இதற்குக் காரணம் உண்டு. பழைய பல்பு தான் உண்ட மின்னின் மிகப் பெரும் பகுதியை வெப்பமாகவே கழித்துவிடும். 1993 ஆம் ஆண்டில் நகமுரா ஜப்பானிலே பிரகாசமான நீல ஒளியுமிழ் இருவாயியை வெளிப்படுத்திய பின்னர், அதன்மேல் ஒளிரும் பூச்சு இட்டு வெள்ளொளி பெறும் வழி பிறந்தது. அதற்காக அவரும் அக்கசாக்கி, அமனோ என்பாரும் 2014 ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசைப் பெற்றனர். அன்று அரிதாயிருந்த அவ்விளக்கு இன்று மலிவான மின்சூளிலும் இருக்கின்றது. எனவே விலையின் வேறுபாட்டை விளக்கிற் காண்பது அரிது. பற்றரியிலும், ஆளியிலும், மூடியிலும், உள்ளிருக்கும் சுற்றிலுமே காணல் வேண்டும்.

சொருகி மின்சூளின் உள்ளே இருப்பது சிறிய ஈய அமிலப் பற்றரி. புதிதாயிருக்கையில் அது நன்கு எரிந்தது. மின்னிறங்கிய நிலையில் அதனை மாதக்கணக்கில் வைத்துவிடின் ஈயத் தகடுகளில் சல்பேற்று இறுகிப் படியும். பின்னர் எவ்வளவு நேரம் மின்னேற்றினும் பழைய வலிமை மீளாது. முதியவருக்கு நேர்ந்தது இதுவே. மாதம் ஒருமுறை மின்னேற்றும்படி எவரும் அவருக்குக் கூறவில்லை, யாமும் கூறவில்லை.

மூன்றாவதன் இலிதியப் பற்றரியில் 9900 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. பதினெட்டு மில்லிமீற்றர் விட்டமும் அறுபத்தைந்து மில்லிமீற்றர் நீளமும் உள்ள அவ்வகைப் பற்றரி 3500 மில்லியம்பியர் மணியளவே கொள்ளும். நல்லது ஏறக்குறைய 45 கிராம் நிறுக்கும். எம்முடையதை நகைக்கடைத் தராசில் இட்டபோது 28 கிராமே இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அது மங்கிவிட்டது.

விலை மிகுந்ததோ நான்கு மணி நேரம் ஒரே சீராக எரிந்தது. இடுப்பளவு உயரத்திலிருந்து சீமந்துத் தரையில் விழுந்தும், பீலி நீரில் நனைந்தும் கெடவில்லை. அதன் பெட்டியில் அச்சிட்ட எண்கள் 2009 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுத்த நியமத்தைத் தழுவியவை. அந்நியமத்தின்படி ஒளி செல்லும் தூரமென்பது, ஒளி முழுநிலவின் அளவாகக் குறையும் தூரமேயாம். ஐந்தடி தூரத்திற் படியைக் காண விரும்புவோனுக்கு இருநூறு மீற்றர் எதற்கு? பனிமூட்டத்தில் வலிய வெள்ளொளி நீர்த்திவலைகளில் தெறித்துக் கண்ணையே மறைக்கின்றது. மின்சூளை இடுப்பின் கீழே தாழ்த்திப் பிடிப்பதே நலம். அன்று அத்தொழிலாளி எமக்குச் சொன்னதும் அதுவே. அன்றியும் அவ்விலைமிகு மின்சூளை மின்னேற்றும் காந்த வடம் அதற்கே உரியது. அது தொலையின் ஹற்றன் கடைத்தெருவில் வேறொன்று கிடையாது.

இரண்டாவது மின்சூள் எல்லாவற்றினும் ஒளி குன்றியது. ஆயினும் மூன்று இரவுகள், இரவுக்கு ஒன்பது மணி நேரம், சிறிது சிறிதாக மங்கியபடி எரிந்தது. அவ்வாறு மங்குதலும் ஒரு நன்மையே. வீடு திரும்பும்படி அது முன்னரே எச்சரிக்கின்றது. அதன் பற்றரி எந்தத் தோட்டத்துக் கடையிலும் கிடைக்கும். 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலைநாட்டில் மண்சரிவுகள் நேர்ந்து, பல இடங்களில் மின்சாரம் அற்றபோது, சொருகியை நம்பியவை பயன்படவில்லை. உலர்பற்றரி மின்சூளே உதவிற்று.

ஆகவே எமது முடிபு இது. ஒளியில் மலிவானது ஈடாகும். உறுதியிலும், பெட்டியில் எழுதியதற்கேற்ப நடப்பதிலும் பெரும்பாலும் ஈடாகாது. மலிவானவற்றுள்ளும் அமைப்பு எளிதாயும், பற்றரி எங்கும் கிடைப்பதாயும் உள்ளதைத் தெரிந்து வாங்குவோன் ஏமாறமாட்டான். மிகப் பெரிய எண்ணைக் கண்டு வாங்குவோன் ஏமாறுவான். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஆயிரம் ரூபா ஆனதே நெடிய போராட்டத்தின் பின்னர் 2021 ஆம் ஆண்டிலேதான். அக்கூலியிற் பாதியைக் கொடுத்து ஆண்டுதோறும் ஒரு மின்சூள் வாங்குபவன், வசதியுள்ளவன் ஒருமுறை கொடுப்பதிலும் அதிகம் கொடுத்துவிடுகின்றான்; இருளில் விழுபவனும் அவனே. விலை உயர்ந்ததை வாங்கும்படி அவனுக்குப் புத்தி கூறுதல் எளிது. அதற்குரிய பணம் அவன் கையில் ஒருங்கே இருப்பதில்லை என்பதை அவ்வாறு கூறுவோர் எண்ணுவதில்லை.

மாணவர் இதனை வாசிப்பின் மூன்று செயல்களை நினைவிற் கொள்வாராக. பயன்படுத்தாத காலத்தில் உலர்பற்றரியை வெளியே எடுத்து வைத்தல். சொருகி மின்சூளை மாதம் ஒருமுறை மின்னேற்றல். கடையிலே பற்றரியைக் கையில் எடுத்து அதன் பாரத்தை உணர்ந்து பார்த்தல். பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இவ்விழாவின் நினைவாக யாதேனும் ஓர் அறம் செய்ய விரும்புவோர், அயலிலுள்ள ஒரு தோட்டத்தில் லயத்துக்கு ஒன்றாக நல்ல மின்சூள்கள் வாங்கி, இரவில் நோயாளரைச் சுமந்து செல்வதற்கெனப் பொதுவில் வைக்கும்படி கொடுக்கலாம். எமது தோட்டத்தில் யாம் அதனைத் தொடங்கியுள்ளோம்.

முதியவர் இப்பொழுது கோலூன்றி நடக்கின்றார். இரண்டு பற்றரி மின்சூள் ஒன்றை அவரிடம் கொண்டு சென்று, பழைய ஆலோசனைக்கு வருத்தம் தெரிவித்தோம். அவர் மூடியைக் கழற்றிப் பற்றரிகளை வெளியே எடுத்துத் தனியே வைத்தபின், "அன்னைக்கு ஒங்க டோர்ச்சும் இப்படித்தானே மாஸ்டர் கெட்டுப்போச்சு" என்று சிரித்தார். பாடம் அவருக்கு முன்னரே தெரிந்திருந்தது. கற்றுக்கொள்ள எமக்குத்தான் நெடுங்காலம் சென்றது.