ஓடந்துறை: ஓர் ஊராட்சி காற்றாலை வாங்கிய கதை

மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் ஊட்டி வண்டி பவானிப் பாலத்தைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே ஓடந்துறை வந்துவிடும். வண்டியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. பிள்ளைகள் பிளாக் தண்டர் நீர் விளையாட்டுப் பூங்காவை எட்டிப் பார்ப்பார்கள், பெரியவர்கள் கல்லாறு எப்போது வரும், மலை எப்போது ஏறும் என்று காத்திருப்பார்கள். சாலையின் இருபுறமும் பாக்குத் தோப்பும் வாழையும். உள்ளே நுழைந்தால் சிறு சிறு குடியிருப்புகள்: ஊமப்பாளையம், வினோபாஜி நகர் என்று ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்ததுதான் ஓடந்துறை ஊராட்சி. நீலகிரி மலையின் காலடியில் இருக்கும் இந்த ஊர், தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் காற்றாலை வாங்கிய ஊர்.

தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்த பிறகு நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996-இல். அதற்கு முன் பல ஆண்டுகள் ஊராட்சி என்பது பெயர்ப்பலகையாக மட்டுமே இருந்தது. அந்தத் தேர்தலில் ஆயிரக்கணக்கானோர் முதல்முறையாகத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்களில் சிலர் அந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் இளங்கோ அப்படி ஒருவர். ஓடந்துறையில் ஆர். சண்முகம் இன்னொருவர். 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள் சண்முகம் தலைவராக இருந்தார்.

அவர் பொறுப்பேற்றபோது ஊரின் முதல் குறை தண்ணீர். பவானி ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. மேலே பில்லூர் அணையிலிருந்து கோயம்புத்தூர் நகரத்துக்கே குழாயில் தண்ணீர் போகிறது. ஆனால் ஆற்றங்கரையிலிருந்த ஓடந்துறைப் பெண்களுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் தினப்படி. அந்த நாட்களில் கோவை மாவட்டத்தில் குடிநீர்த் திட்டங்களில் ஒரு புது நிபந்தனை நடைமுறைக்கு வந்திருந்தது. செலவில் பத்தில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், திட்டம் முடிந்ததும் பராமரிப்பையும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பல ஊர்கள் தயங்கிய நிபந்தனை இது. தன் கையிலிருந்து காசு போட்டவர் குழாய் உடைந்தால் சும்மா இருக்க மாட்டார் என்பதால், எனக்கு இது நல்ல நிபந்தனையாகவே படுகிறது. ஓடந்துறைக்கும் ஆற்றுநீர் வந்தது. கூடவே குடிசைகளை அகற்றிக் கான்கிரீட் வீடுகள் கட்டும் வேலையும் நடந்தது. அரசின் வீட்டுவசதித் திட்டங்களை ஒன்றுவிடாமல் பிடித்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கட்டியதில் வீடுகளின் எண்ணிக்கை 850 வரை போனது.

இதுவரை சொன்னது நல்ல தலைவர் வாய்த்த எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. ஓடந்துறையின் தனிக்கதை அதற்குப் பிறகு வந்த கரண்ட் பில்லில் தொடங்குகிறது.

ஊராட்சி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டித் திறப்புவிழா நடத்துவதற்குத் திட்டத்தில் பணம் இருக்கும். அந்தத் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு யார் பணம் கட்டுவது என்று எந்தத் திட்டமும் சொல்லாது. புது வீதி ஒன்று உருவானால் அங்கே பத்துக் கம்பங்கள் நட வேண்டும், பத்து விளக்கும் இரவு முழுக்க எரிய வேண்டும். அதிலும் இது யானை நடமாடும் மலையடிவாரம். வாழை தின்ன இறங்கிவரும் யானை வீதி முனையில் நிற்கிறதா என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். இங்கே தெருவிளக்கு உயிர்க்காவல். ஆகவே வேலை நடக்க நடக்க பில் ஏறியது. தொடக்கத்தில் மாதம் சில ஆயிரமாக இருந்த தொகை 50,000 ரூபாயைத் தொட்டது. வீட்டுவரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் நம்பி இருக்கும் ஒரு கிராம ஊராட்சிக்கு இது தாங்காது. ஊருக்கு எவ்வளவு நல்லது செய்கிறோமோ அவ்வளவுக்குக் கடன்.

பெரும்பாலான ஊராட்சிகள் இந்த இடத்தில் செய்வது ஒன்றுதான்: பில்லைப் பாக்கி வைப்பது. சண்முகம் பில்லைப் பிரித்துப் பார்த்தார். தண்ணீர் ஏற்றுவதற்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு, எதை வேறு வழியில் ஓட்ட முடியும் என்று.

முதலில் விளக்குக்கு வழி தேடினார். இரண்டு குடியிருப்புகளில் சூரியசக்தித் தெருவிளக்குகள் வைக்கப்பட்டன. அடுத்தது மோட்டார். 2003-இல் விறகிலிருந்து எரிவாயு எடுக்கும் 9 கிலோவாட் திறனுள்ள கலன் ஒன்று நிறுவப்பட்டது. மேட்டுப்பாளையம் மரக்கடைகளும் அறுவை மில்களும் நிறைந்த ஊர், அதனால் கழிவு மரத்துக்குப் பஞ்சமில்லை. அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஈரம் போகக் காயவைத்து, கலனின் மேல்வாய் வழியாகப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே காற்றை அளவாகத்தான் விடுவார்கள். முழுசாக எரிய விட்டால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றைக் குறைத்தால் விறகு புகைந்து எரியக்கூடிய வாயுவாக மாறும். அந்த வாயுவைக் குளிரவைத்து, தாரும் தூசியும் நீக்கி, எஞ்சினுக்குள் அனுப்பினால் மின்சாரம் வரும், மோட்டார் ஓடும், தொட்டி நிறையும். தண்ணீர் ஏற்றும் செலவு நன்றாகவே குறைந்தது. ஆனால் இது ஆள் நின்று பார்க்க வேண்டிய வேலை. மரம் வாங்க வேண்டும், வெட்ட வேண்டும், தார் படிந்த குழாய்களைத் துடைக்க வேண்டும். ஓர் ஊரின் முழுத் தேவையையும் அதன் தலையில் ஏற்ற முடியாது.

அப்போதுதான் காற்றாலை. ஓடந்துறையிலேயே அதை நிறுத்த முடியாது. மலை மறைக்கும் ஊரில் காற்றாலைக்கு வேண்டிய சீரான காற்று கிடைப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்துவரும் காற்றை உடுமலைப்பேட்டை வட்டாரம்தான் முகத்துக்கு நேராக வாங்குகிறது. அங்கே மைவாடியில் இடம் பார்த்தார்கள். 350 கிலோவாட் காற்றாலைக்கு விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பில் 40 லட்சம் இருந்தது. மீதி 1.15 கோடியை வங்கியில் கடனாகக் கேட்டார்கள். ஒரு கிராம ஊராட்சி கோடி ரூபாய்க் கடன் கேட்டால் வங்கி அதன் கணக்கைத்தான் முதலில் புரட்டும். கணக்கு சுத்தமாக இருந்ததால் கடன் கிடைத்தது. 2006-இல் காற்றாலை சுற்றத் தொடங்கியது.

இந்தக் கதையைக் கேள்விப்பட்டவர்களில் பலர், ஓடந்துறையில் வீட்டுக்கு வீடு இலவச மின்சாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. மைவாடியிலிருந்து ஓடந்துறைக்குத் தனிக் கம்பி எதுவும் வரவில்லை. காற்றாலையின் மின்சாரம் மின்வாரியத்தின் பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி, ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட் என்பது அன்றைய கணக்கு. அதாவது தான் செலவழித்ததைவிடக் கூடுதலாகவே இந்த ஊராட்சி நாட்டுக்குத் தந்தது. பணமாகப் பார்த்தால் ஆண்டுக்கு 19 லட்சம் ரூபாய் அளவுக்கு வரவு. அந்த வரவிலிருந்தே வங்கித் தவணை கட்டிக் கடன் அடைந்தது. உலக வங்கிக்காரர்களும் பல நாட்டுப் பிரதிநிதிகளும் இந்த ஊராட்சி அலுவலகத்தைத் தேடி வந்தார்கள்.

வந்தவர்கள் காற்றாலையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் வியப்பது அந்த 40 லட்சத்தை. பத்து ஆண்டு காலம், எந்த ஆண்டிலும் கைவைக்க ஆயிரம் காரணம் இருந்திருக்கும் ஒரு பொதுக்கணக்கில், அவ்வளவு பணம் மிஞ்சியிருந்தது. சேமித்ததைக் கோயில் வளைவுக்கோ சமுதாயக் கூடத்துக்கோ செலவழித்திருந்தால் ஊரே கைதட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், வேறொரு வட்டாரத்தில் நிற்கப் போகும் இயந்திரத்துக்கு அதைப் போடலாம் என்று ஊரை ஒப்புக்கொள்ள வைத்தது பெரிய வேலை.

2006-க்குப் பிறகு சண்முகத்தின் மனைவி லிங்கம்மாள் தலைவரானார். தொடங்கிய வேலைகள் நின்றுவிடவில்லை. 2011-இல் முதலமைச்சரின் சூரியசக்திப் பசுமை வீடுகள் திட்டம் வந்தபோது, தலா 300 சதுர அடியும் ஐந்து சூரியசக்தி விளக்கும் கொண்ட அந்த வீடுகள் இங்கே வேகமாக எழுந்தன. பணப் பொறுப்புக்குப் பழகிய ஊராட்சிக்கு அது புது வேலையாக இருக்கவில்லை.

இப்போது ஒரு கவலை. காற்றாலைக்கு ஆயுள் சுமார் 20 ஆண்டு என்றுதான் வடிவமைக்கிறார்கள். 2006-இல் நிறுவியது அந்த வயதை எட்டிவிட்டது. பழுது கூடும், உற்பத்தி குறையும், மாற்ற வேண்டுமா, புதிதாக வாங்க வேண்டுமா என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும். முடிவெடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும். தமிழகக் கிராமங்களில் 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். 2019-இல் தேர்தல் நடந்த கோவை உள்ளிட்ட மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, திரும்பவும் தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. தனி அலுவலர் பில்லைக் கட்டுவார், சம்பளம் போடுவார். இருபது ஆண்டு உழைக்கும் ஓர் இயந்திரத்துக்கான கடனுக்கு ஊர் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமையும் துணிவும் அவருக்கு எங்கிருந்து வரும்? உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியை ஓடந்துறையின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்.