14 இன்ச்சா, 15.6 இன்ச்சா?

அக்கா மகள் கல்லூரியில் சேரப்போகிறாள். "லேப்டாப் பெருசா வாங்கினா நல்லதுதானே மாமா?" என்று கேட்டாள். 14 இன்ச்சே போதும் என்றேன்.

கடையில் சொல்லும் இன்ச், திரையின் மூலைக்கு மூலை அளவு. அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. 15.6 இன்ச் திரைகள் பெரும்பாலும் 16:9 விகிதத்தில் வருபவை. உயரம் சுமார் 7.65 இன்ச். இப்போது வரும் 14 இன்ச் மாடல்கள் பலவற்றில் 16:10 திரை. அதன் உயரம் 7.4 இன்ச். வித்தியாசம் கால் இன்ச்தான்! படிப்பதும் எழுதுவதும் மேலிருந்து கீழே நகர்கிற வேலை. அவளுக்கு வேண்டியது உயரம்.

தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகப்போகிற பிள்ளை. லேப்டாப்போடு சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாம் அந்தத் தோளில்தானே ஏறும்?

பி.காம். சேர்ந்து டேலியில் உட்காரப்போகிறவள் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். வலப்பக்கம் தனி எண் விசைகள் பெரும்பாலும் பெரிய லேப்டாப்பில்தான் இருக்கும்; கணக்கு பார்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி. மற்றவர்களுக்குத் தொந்தரவு. எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கிவிடுவதால் திரையின் நடுவில் உட்கார்ந்து தட்டச்சு செய்வது சிரமம்.

வீட்டில் பெரிய திரை தேவைப்பட்டால் பிறகு ஒரு மானிட்டர் வாங்கி இணைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு, கடையில் 1920×1200 (அதாவது 16:10 திரை) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.