மூன்று பின்

ஆவணி முடியப் பத்து நாள் இருந்தது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையோரம் அந்தப் பட்டறை. வாசலில் ஒன்பது கொழுக் கலப்பைகள் நாலைந்து கவிழ்ந்து கிடந்தன. கோடை உழவில் தேய்ந்து மொட்டையான கொழுக்களுக்கு, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி முனை வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன்.

கரிசலில் பட்டறைக்காரர்களுக்கு இதுதான் தூக்கமில்லாத மாதம். பெரும்பகுதி மானாவாரி. மழைக்கு முந்திப் புழுதியில் விதைக்க வேண்டும். தவறினால் முதல் மழை பெய்து பதம் வந்ததும் விதைக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் மண் களியாகி டயரைக் கவ்வும், வண்டி இறங்காது. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி எதுவானாலும் கைக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். அதை விட்டால் அடுத்த வருஷப் புரட்டாசிதான்.

உள்ளே ஒரு பழைய டிராக்டர் கிளம்ப மறுத்து நின்றது. “டீசல் தீர ஓட்டிருக்காக. ஏர் பிடிச்சிருச்சு” என்றார் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். பில்டர் மேலிருந்த திருகை அரைச் சுற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினார். நுரைநுரையாக டீசல் வந்தது. குமிழி அடங்கித் தெளிந்து வழிந்ததும் திருகை முறுக்கினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது, ஆனால் ஓட்டம் தடுமாறியது.

ஓடவிட்டபடியே, நாசிலுக்குப் போகும் மூன்று குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி முறுக்கினார். முதல் இரண்டுக்கும் சத்தம் சட்டென்று இறங்கியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஒரு மாற்றமும் இல்லை.

“இவன்தான் வேலை செய்யாமச் சும்மா இருக்கான்.”

நாசிலை மாற்ற முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வேப்பமர நிழலில் இன்னொன்று நின்றது. 55 குதிரைத்திறன், வாங்கி இரண்டு வருடம். வேகம் எடுக்கவில்லை, முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. சொந்தக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கம்பெனி ஆள் லேப்டாப்போடு வரவேண்டும். இன்று நாளை என்று மூன்று நாள் ஓடிவிட்டது.

“நீங்க பாக்கக் கூடாதா அண்ணாச்சி?” என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“இதுல நட்டைத் தளத்திப் பாக்க முடியாது. ஆயிரம் பாருக்கு மேல பிரஷர். டீசல் கைத்தோலைக் கிழிச்சிட்டு உள்ள போயிரும். என்ன கோளாறுன்னு வண்டியே எழுதி வச்சிருக்கு. படிக்க மிஷினும் சாப்ட்வேரும் நம்மகிட்ட இல்ல.”

அவர் புது இன்ஜினைப் பழிக்கவில்லை. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் கடுமையான புகை விதி வந்தது. அதற்கு ஈடுகொடுக்கத்தான் இந்த மின்னணுக் கட்டுப்பாடு. புகை குறைந்தது நல்லதுதான் என்றார். கோளாறைப் படிக்கும் கருவியும் உதிரிபாகமும் காசு கொடுத்தாலாவது கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் வழக்கு.

அந்த வழக்கு டெல்லி வரை தெரிந்ததுதான். கார் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டதற்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் உண்டு. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இணையதளம் ஒன்றும் திறந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென்றே 2023இல் சட்டம் போட்டது. கையேடும் கருவியும் பாகமும் உரிமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

சாயங்காலம் மேற்கே மின்னல் வெட்டியது. சொந்தக்காரர் மறுபடி போன் போட்டார். காலையில் ஆள் வருவாராம்.

“மழை காலை வரைக்கும் பொறுக்குமா தம்பி?” என்றார் மெக்கானிக்கிடம்.

அவர் பதில் சொல்லாமல், நாசில் மாற்றிய பழைய வண்டிக்காரரிடம் போய்ப் பேசினார். கொஞ்ச நேரத்தில் அந்த வண்டி பின்வாங்கி வேப்பமரத்தடிக்கு வந்தது. புது வண்டியின் கலப்பையைக் கழற்றிப் பழையதில் மாட்டினார்கள். கீழே இரண்டு பின், மேலே ஒன்று. இரண்டும் வேறு வேறு கம்பெனி வண்டிகள். ஆனால் கலப்பை மாட்டும் அந்த மூன்று புள்ளி இணைப்பு மட்டும் இந்த ரக வண்டிகளில் எல்லாருக்கும் பொது அளவு.

விளக்கைப் போட்டுக்கொண்டு பழைய டிராக்டர் காட்டுப் பக்கம் போனது. விதை மூட்டைமேல் உட்கார்ந்து சொந்தக்காரரும் போனார். மரத்தடியில் அந்த மஞ்சள் விளக்கை அணைக்க, மெக்கானிக் சாவியைத் திருப்பி எடுத்துத் தன் மேஜை டிராயரில் போட்டார்.