பணி முடிந்த சுரங்கங்கள்

ஆய்வகத்துப் பழைய விண்டோஸ் கணினியில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை இட்டுப் பார்க்கும் மாணவர் பலர், 'டெரிடோ டனலிங் சூடோ-இன்டர்ஃபேஸ்' என்ற பெயரைக் கண்டு திகைப்பதுண்டு. எவரும் வாங்கிப் பொருத்தாத அட்டை அது. அதற்கு வடமும் இல்லை. வைரஸ் என்று அஞ்சுவோர் உண்டு. அதனோடு ஐபிவி6 முழுவதையுமே அணைத்துவிடுவோரும் உண்டு. இரண்டுமே புரியாமையின் விளைவு.

ஐபிவி4 முகவரி 32 பிட் நீளமுடையது. ஆகவே மொத்த முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. 2011 பிப்ரவரி 3 அன்று அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. 128 பிட் நீளமுடைய ஐபிவி6 முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. ஆயினும் இரு நெறிமுறைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச இயலாதவை. ஆகவே புதிய பொதியைப் பழைய உறைக்குள் இட்டு அனுப்பும் சுரங்க வழிகள் தோன்றின. பொது முகவரி உடையோருக்கு 6டு4, நிறுவன வலைக்குள் ஐசாடாப், முகவரி மாற்றியின் பின்னால் இருப்போருக்கு டெரிடோ.

டெரிடோவை வகுத்தவர் மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய கிறிஸ்டியன் ஹுயிட்டெமா. அதன் வரையறை 2006இல் வெளியாயிற்று. மரக்கலங்களைத் துளைக்கும் கடல்வாழ் மெல்லுடலியின் பெயரே அதற்கு இடப்பட்டது. பெயர் பொருத்தமானது, ஆபத்தும் அப்பெயரிலேயே இருக்கிறது. ஐபிவி6 பொதி யூடிபி உறைக்குள் பயணிக்கையில், உறையைப் பிரித்துப் பாராத ஃபயர்வால் வெளிமுகவரியை மட்டுமே காண்கிறது. நிறுவனம் வகுத்த பாதுகாப்பு விதிகள் உள்ளிருக்கும் பொதியைத் தீண்டுவதில்லை. கலத்தைக் காக்க வேண்டியவர் அறியாமலே கலத்தில் துளை விழுகிறது.

அணைப்பது எளிது. நிர்வாகி உரிமையுடன் 'நெட்ஷ் இன்டர்ஃபேஸ் டெரிடோ செட் ஸ்டேட் டிசேபிள்டு' என்று இட்டால் போதும்; மற்ற இரண்டிற்கும் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் டைரக்ட் ஆக்சஸ் போன்ற தொலை அணுகல் வசதிகள் இச்சுரங்கங்களைச் சார்ந்திருக்கக்கூடும். முதலில் அதை உறுதிசெய்துகொள்வதே முறை. ஐபிவி6ஐ முற்றாக முடக்குவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை.

இன்று கூகுளின் அளவீட்டின்படி, இந்தியப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐபிவி6 வழியாகவே அதனை அடைகின்றனர். நேர்வழி திறந்துவிட்டது. தேவை தீர்ந்த பின்னும் சுரங்கம் தானாக மூடிக்கொள்வதில்லை. அது ஏன் தோண்டப்பட்டது என்பதை அறிந்தவரே அதை முறையாக மூட வல்லவர்.