கடல் கடந்த படப்பிடிப்பும் காப்பீட்டுப் பத்திரமும்

'அர்ரிஸாலா' திரைப்படத்தைப் பார்த்திராத முஸ்லிம் குடும்பம் நம் ஊர்ப் பக்கங்களில் குறைவு. வீடியோ காசெட்டுகள் வந்த நாட்களில், சினிமா என்ற சொல்லுக்கே முகம் சுளித்த பெரியவர்களும் அந்த ஒரு படத்துக்கு மட்டும் விலக்களித்து, வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்ததுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ இடம்பெறாமலேயே அவர்களின் வரலாற்றைச் சொல்லிச் சென்ற அப்படம், படப்பிடிப்பின் நடுவே ஒரு நாட்டிலிருந்து வெளியேற நேர்ந்த படம் என்பதைப் பார்த்தவர்களில் பலர் அறியார்.

சிரியாவின் ஹலப் நகரில் பிறந்த முஸ்தஃபா அக்காத் அதை இயக்கினார். 1974-இல் மொராக்கோ நாட்டில் மர்ராகிஷ் நகருக்கு அருகே பழைய மக்கா நகரத்தையே எழுப்பினார்கள். ஏறத்தாழ ஆறு மாதங்கள் பணி நடந்தது. சவூதி அரசின் எதிர்ப்பு வலுக்கவே, மன்னர் இரண்டாம் ஹஸன் அனுமதியைத் திரும்பப் பெற்றார். எழுப்பிய மக்காவை அங்கேயே விட்டுவிட்டு, படக்குழு லிபியாவுக்குச் சென்று எஞ்சிய பகுதியை முடித்தது. 1976-இல் படம் வெளிவந்தது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆங்கிலத்துக்கு ஒரு நடிகர் குழு, அரபிக்கு ஒரு நடிகர் குழு. ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆங்கிலத்தில் ஆன்டனி குவினும் அரபியில் அப்துல்லாஹ் கைதும் நடித்தனர். ஒரே காட்சியை இருமுறை எடுக்க வேண்டும். இருவரில் எவர் நோயுற்றாலும் வேலை நின்றுபோகும்.

பொதுக் காப்பீட்டு அலுவலகமொன்றில் கடல்சரக்குப் பிரிவில் காலம் கழித்தவன் நான். ஆதலால் பிறர் கண்ணீர் மல்கப் பார்க்கும் காட்சியிலும், "இந்தக் கொட்டகை எரிந்தால் யார் ஈடு செய்வார்கள்?" என்னும் எண்ணம் ஓடுவதைத் தவிர்க்க முடிந்ததில்லை. தொழில் மனிதனைக் கெடுத்துவிடுகிறது போலும்.

வெளிநாட்டில் படமெடுக்கும் நிறுவனம் வாங்கும் காப்பீடு ஒற்றைப் பத்திரமன்று. முதன்மை நடிகரோ இயக்குநரோ நோயுற்றால், விபத்துக்குள்ளானால், இறந்துபோனால் வேலை நிற்பதனால் வரும் கூடுதல் செலவுக்கு ஒரு பகுதி. காமிரா, விளக்கு, உடை, செட்டு ஆகியவை உடைந்தால், திருடு போனால் அதற்கு ஒரு பகுதி. எடுத்த சுருள், இப்போது பெரும்பாலும் எடுத்த பதிவு, கெட்டுப்போனால் மறுபடி எடுப்பதற்கு ஒன்று. தெருவில் போன அயலவர் மீது விளக்குக் கம்பம் விழுந்தால் அவருக்குத் தர வேண்டியதற்கு மற்றொன்று. இவற்றுக்கெல்லாம் அப்பால், படத்தைச் சொன்ன செலவில் முடித்துத் தருவோம், இல்லையேல் கடன் கொடுத்த வங்கிக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதித் தரும் 'நிறைவு உத்தரவாதம்' என ஒன்றும் உண்டு. அப்படி எழுதித் தந்தவர்களுக்கு, வேலை தடுமாறினால் தயாரிப்பையே தம் கையில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் இருக்கும்.

ஆனால் மன்னர் ஒருவர் மனம் மாறினால்? சாதாரணப் பத்திரங்களில் அதற்கு இடமில்லை. போர், உள்நாட்டுக் கலகம், அரசு பறிமுதல் ஆகியவை பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் கிடக்கும். அவற்றுக்கு அரசியல் இடர்க் காப்பீடு எனத் தனியே பணம் கட்டித் தனியே வாங்க வேண்டும். இடி மின்னலுக்கு விலை கணிக்கத் தெரிந்தவர்களும் அரண்மனை ஒன்றின் சொல்லுக்கு விலை கணிக்கத் தயங்குவார்கள்.

நடிகர் காப்பீடு என்பது எத்தகையது என்பதை நம்மவர் பலர் தவறாகவே விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். அக்காத் 1981-இல் வெளியிட்ட உமர் முக்தார் படத்தில் இத்தாலியத் தளபதி கிராசியானியாக வந்த ஆலிவர் ரீடைச் சிலர் நினைவு வைத்திருக்கலாம். அவர் 1999 மே மாதம், 'கிளாடியேட்டர்' படப்பிடிப்புக்காக மால்டா தீவில் இருந்தபோது திடீரென இறந்துபோனார். அவர் நடிக்க வேண்டிய சில காட்சிகள் எஞ்சியிருந்தன. வேறொருவரை நிறுத்தி, கணினியின் துணையால் ரீடின் முகத்தைப் பொருத்தி முடித்தார்கள். நடிகர் காப்பீடு கணக்குப் பார்ப்பது இந்தச் செலவைத்தான்: இவர் இல்லாமல் முடிக்க எவ்வளவு ஆகும், அல்லது இவர் நடித்ததை எல்லாம் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க எவ்வளவு ஆகும் என்பது. அது தயாரிப்பாளரின் இழப்புக்கானது. இறந்தவரின் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் அதில் காசு ஒன்றும் இல்லை.

இவ்வகையில் மிகப் பெரிதாகப் பேசப்பட்டது டெர்ரி கில்லியம் என்பவரின் கதை. டான் குவிக்ஸாட் கதையைத் தழுவிய படமொன்றை அவர் 2000 செப்டம்பர் இறுதியில் ஸ்பெயினில் தொடங்கினார். ஏறக்குறைய 3 கோடி 20 லட்சம் டாலர் திட்டம். பார்தெனாஸ் ரெயாலெஸ் என்னும் வறண்ட நிலத்தைத் தேர்ந்திருந்தார்கள். அருகே இராணுவப் பயிற்சித் தளம். முதல் நாள் போர் விமானங்களின் இரைச்சலில் வசனம் கேட்கவில்லை. இரண்டாம் நாள் பெருமழை கொட்டி, காட்டாற்று வெள்ளம் கருவிகளை அடித்துச் சென்றது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் மண்ணின் நிறமே மாறிப்போயிருந்தது! நனைந்த காமிராவுக்கு விலைச்சீட்டு உண்டு. நிறம் மாறிய மலைக்கு எந்தச் சர்வேயர் மதிப்புப் போடுவார்? முந்தின நாள் எடுத்த காட்சியோடு அது ஒட்டாது என்பதுதான் இழப்பு. ஆனால் மலை தயாரிப்பாளரின் சொத்தன்று.

அடுத்து, கதாநாயகராக நடித்த ழான் ரோஷ்ஃபோர். பிரெஞ்சுக்காரரான அவர் எழுபது வயதில் இதற்காகவே மாதக் கணக்கில் ஆங்கிலம் பயின்றவர், குதிரையேற்றத்தில் வல்லவர். முதுகுத் தண்டின் வலி தாங்காமல் குதிரை ஏறவும் இறங்கவும் முடியாமற் போயிற்று. பாரிஸ் சென்றவர் படப்பிடிப்புக்குத் திரும்பவில்லை. வேலை நின்றது. ஒன்றரைக் கோடி டாலர் காப்பீட்டுக் கோரிக்கை எழுந்தது. படத்தின் திரைக்கதை உரிமை காப்பீட்டாளர் கைக்குப் போயிற்று. இதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. கப்பல் முழுக மூழ்கி நட்ட ஈட்டை முழுமையாகக் கொடுத்துவிட்டால், கடலில் மிதந்து வரும் எஞ்சிய சரக்கு காப்பீட்டாளருக்கே சேரும். அதை நாங்கள் 'ஸால்வேஜ்' என்போம். தேயிலைப் பெட்டியும் ஒரு மனிதனின் கற்பனையும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றுதான். கில்லியம் பல ஆண்டுகள் முயன்று தம் கதையைத் திரும்பப் பெற்று, வேறு நடிகர்களைக் கொண்டு படத்தை முடித்து, 2018-இல் கான் விழாவில் திரையிட்டார். ரோஷ்ஃபோர் முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். நின்றுபோன படப்பிடிப்பைப் பற்றி 2002-இல் 'லாஸ்ட் இன் லா மாஞ்சா' என்றொரு ஆவணப்படமும் வந்தது. இத்தொழிலில் இறங்கும் பிள்ளைகள் அதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

படத்தொழில் ஒப்பந்தங்களில் இத்தகைய வெள்ளத்தை 'தெய்வச் செயல்' என்று எழுதுவார்கள். ஒருவர் மீதும் குற்றமில்லை என்பதைச் சொல்ல ஆங்கிலேயச் சட்டம் கண்டுபிடித்த சொல் அது. நமக்கோ அச்சொல் சற்று உறுத்தும். வெள்ளம் மட்டுமா அவன் செயல்? அதற்கு முன்பு வானம் தெளிந்திருந்த நாட்களை எந்த ஒப்பந்தமும் அவன் கணக்கில் எழுதுவதில்லையே!

இவ்வளவையும் எழுத நேர்ந்ததற்கு என் லாத்தா காரணம். அவர் மகன், என் மருமகன், காமிராப் பிரிவில் உதவியாளன். ஜார்ஜியா நாட்டுப் படப்பிடிப்புக்குப் புறப்படும் முன், ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்பந்தத் தாளைக் கொண்டுவந்து, "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று நீட்டினான். 'படக்குழுவுக்கு முழுக் காப்பீடு உண்டு' என்று அதில் ஒரு வரி இருந்தது. அவன் அதில் மகிழ்ந்திருந்தான். லாத்தா மகிழவில்லை. அவருக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. "தம்பி, இன்சூரன்ஸ் நமக்கு ஆகுமா, ஆகாதா?" என்பது ஒன்று. "பிள்ளைக்கு ஒண்ணு ஆகிட்டா அந்தக் காசு யாருக்குப் போகும்?" என்பது மற்றொன்று.

முதற் கேள்வி புதிதன்று. 1836-இல் மறைந்த திமிஷ்க் நகரத்து ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், 'ரத்துல் முஹ்தார்' என்னும் தம் பெருநூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். அந்நிய நாட்டாரின் கப்பலைக் கூலிக்கு அமர்த்தும் முஸ்லிம் வணிகர்கள், கூலி போக இன்னொரு தொகையையும் வேறொரு அந்நியரிடம் கட்டிவந்தனர். தீயோ கொள்ளையோ கடலோ சரக்கை அழித்தால் அவர் ஈடு தர வேண்டும். 'சூகரா' என்பது அதன் பெயர். அவ்வந்நியரின் முகவர் நம் துறைமுகங்களிலேயே இருந்து பணம் வாங்கினார் என்றும் அவர் எழுதுகிறார். பொறுப்பில்லாத ஒன்றுக்குப் பொறுப்பேற்பதாகிய அந்த ஈட்டை வாங்குவது வணிகருக்கு ஆகாது என்பது அவர் தீர்ப்பு. எனினும் ஒப்பந்தம் எங்கே எழுதப்பட்டது, யார் எழுதினார் என்பதைப் பொறுத்து அதற்கு அவர் விலக்கும் காண்கிறார். அயல்நாட்டில் எழுதிய பத்திரத்துக்கு எந்த ஊர்ச் சட்டம் என்று இன்றைய வழக்கறிஞர்கள் மல்லாடுவதை, அவர் அன்றே தொட்டுவிட்டார்.

நம் காலத்திலோ, அக்காத் பிறந்த அதே ஹலப் நகரத்தவரான முஸ்தஃபா ஸர்கா, காப்பீடு கூடும் என்று 1961-இல் வாதிட்டார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. 1985-இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, இலாப நோக்குள்ள காப்பீட்டை விலக்கி, ஒருவர்க்கொருவர் கைகொடுக்கும் கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது. அம்முறையில் 1979-இலேயே சூடானில் நிறுவனம் தொடங்கியாயிற்று. மலேசியா 1984-இல் தகாபுல் சட்டம் இயற்றிற்று. நம் நாட்டில் அதற்கெனத் தனிச் சட்டமில்லை. இங்கே முதலாளி கட்டும் பணம், முதலாளி எடுக்கும் பத்திரம். கூலிக்காரன் அதில் ஒப்பந்தக்காரனே அல்லன். இதை லாத்தாவிடம் சொல்லி, மேற்கொண்டு ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுமாறும் சொன்னேன். மார்க்கத் தீர்ப்பு என் வேலையன்று.

இரண்டாம் கேள்வி என் வேலை. 'முழுக் காப்பீடு' என்னும் சொல்லுக்குப் பத்திரத்தில் பொருள் கிடையாது. யார் பெயர், எந்த இழப்பு, எவ்வளவு தொகை, எது விலக்கு என்பவையே உண்டு. நிறுவனத்திடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாயகர், நாயகி, இயக்குநர் ஆகிய மூவர் பெயர் நடிகர் காப்பீட்டில் இருந்தது. காமிராவுக்குத் தனிப் பத்திரம், அதன் வரிசை எண்ணோடு. காமிராவைச் சுமப்பவனுக்கோ சுற்றுலாப் பயணிகள் வாங்கும் மருத்துவப் பத்திரம் ஒன்றே. அப்படிப்பட்ட பத்திரங்கள் பலவற்றில் உடலுழைப்பு வேலை, உயரத்தில் ஏறும் வேலை, ஆபத்தான தொழில் ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். இதிலும் இருந்தது. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். கிரேனிலிருந்து விழுந்தால் கிடைக்காது. அவன் போவது கிரேனில் ஏறத்தான்.

எதையும் வாதாடாமல் மூன்று வரிக் கடிதம் எழுதச் சொன்னேன். தொழில்நுட்பப் பணியாளர் அனைவரின் பெயரும் அடங்கிய தனிநபர் விபத்துப் பத்திரம், வேலையின்போது நேரும் விபத்தையும் சேர்த்து, வாரிசின் பெயரோடு வேண்டும் என்பது சாரம். அவன் தயங்கினான். கேட்டால் அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்றான். அது வீண் அச்சமன்று, அறிவேன். ஆகவே அவன் தனியே எழுதவில்லை. விளக்குப் பிரிவினரும் ஒப்பனையாளரும் கலந்து பத்தொன்பது பேர் கையொப்பமிட்டார்கள். பத்து நாட்களுக்குள் பத்திரம் வந்தது. தலைக்கு ஆன பிரிமியம் ஒருநாள் உணவுச் செலவை எட்டவில்லை என்று தயாரிப்பு மேலாளரே பின்னர் அவனிடம் சொன்னாராம்.

புதிய பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், இறந்தவர் உடலைத் தாயகம் கொணரும் செலவு, அல்லது இறந்த ஊரிலேயே அடக்கம் செய்யும் செலவு என்று இரண்டில் ஒன்றைக் குறிக்கக் கட்டம் இருந்தது. மருமகன் அதை அவன் தாயிடம் காட்டக் கூடாதென்று என்னைக் கேட்டுக்கொண்டான். ஆனால் வாரிசின் கையொப்பமும் வேண்டுமே. லாத்தாவுக்கு நான் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஊரில் பள்ளிவாசல் உண்டா?" என்றார். திபிலீசியில் பழைய ஜும்ஆ பள்ளி ஒன்று உண்டு, சுன்னிகளும் ஷியாக்களும் ஒரே கூரையின் கீழ்த் தொழுகிறார்கள் என்றேன். இரண்டாவது கட்டத்தில் குறியிடச் சொல்லிவிட்டு, மகனுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டிய ஊறுகாயைக் கவனிக்க உள்ளே போனார்.