ஒண்ணுமில்லை

பிளஸ் ஒன் படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில்தான் போய் வருவேன். ஒருநாள் சாயங்காலம் கன்னிவாடிக்குத் திரும்பும் வழியில், பின்னால் வந்த கார் ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டது. நான் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமுமாக விழுந்தோம். விழுந்ததும் நான் செய்த முதல் காரியம், துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டது. அடி எங்கே பட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. யார் யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்த்தேன்.

கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "ஒண்ணுமில்லையேம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லைண்ணே."

கார் போய்விட்டது. மறுநாள் காலையில் வலது கையால் தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை. மணிக்கட்டில் எலும்பு விட்டிருந்தது. நாட்டுக் கட்டுதான் போட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கை லேசாகக் கோணல்தான். ஆனால் கையைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது. "இனிமே சைக்கிள் வேண்டாம், பஸ்ல போ" என்றார் அப்பா. நெளிந்த ரிம்மை மாற்றித் தம்பி அந்த சைக்கிளை எடுத்துக்கொண்டான். இடித்தவர் கார் ஓட்டுவதை யாரும் நிறுத்தவில்லை. இடிபட்டவள்தான் இறங்க வேண்டியிருந்தது.

இந்த சைக்கிள் நமக்குச் சும்மா வந்ததில்லை. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசியவர்கள் முன்னால்தான் விழுந்து விழுந்து கற்றார்கள். அப்படி ஏறியதை ஒரு இடியில் நம்மிடமிருந்து பிடுங்கிவிட முடிகிறது.

போன வருடம் மாசியில் அதே ரோட்டில் என் சித்தியை ஒரு கார் இடித்தது. பால் கேனோடு சங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்பிய நான் கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். சித்தி அதற்குள் எழுந்து உட்கார்ந்து, கொண்டையை முடிந்துகொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லடி. பால்தான் போச்சு" என்றார்.

கார்க்காரர் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை நீட்டினார். "வாங்கிக்கிட்டு விடுங்கம்மா. கேசு, ஸ்டேஷன்னு பொம்பளைங்க அலைய முடியுமா?" என்றார் நின்றிருந்தவர்களில் ஒருவர். சித்தியின் கை நோட்டை நோக்கிப் போனது. நான் பிடித்துக்கொண்டேன்.

பதினாறு வயதில் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்கு வரிசையாகச் செய்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அவசரப்பட்டு எழுந்திருக்காதீர்கள். விழுந்த அதிர்ச்சியில் உடம்பு வலியைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கும். கழுத்தோ முதுகோ வலித்தால் அசையாமல் இருந்து 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். மற்றபடி, ரோட்டை விட்டு ஓரமாக வந்து உட்காருங்கள். "ஒண்ணுமில்லை" என்று சொல்லாதீர்கள், "என் மேலதான் தப்பு" என்றும் சொல்லாதீர்கள். "இனிமேதான் பாக்கணும்" என்று சொன்னால் போதும்.

கார் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். கார், சைக்கிள், ரோடு மூன்றும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பார்த்தவர்களிடம் போன் நம்பர் வாங்குங்கள். உதவி செய்தவரைக் கேசில் இழுத்து அலைக்கழிக்கக் கூடாது என்று 2019 முதல் சட்டமே இருக்கிறது, அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். இடித்த ஓட்டுநர் நிற்க வேண்டும், சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அது அவர் கடமை. கையில் திணிக்கிற ஆயிரம் ரூபாயோடு அது தீர்ந்துவிடாது.

ஆஸ்பத்திரியில் "கீழ விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். "கார் இடிச்சது" என்று சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படி ஏறினால்தான் பிறகு பேச முடியும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லையே என்று தயங்க வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு வாந்தி, தூக்கக் கலக்கம், தாங்காத தலைவலி வந்தால் உடனே திரும்பப் போங்கள். கேஸ் பதிவாகும்வரை சைக்கிளைச் சரி செய்யாமல், கிழிந்த துணியைத் துவைக்காமல் வையுங்கள்.

எக்ஸ்ரேயில் சித்திக்குக் காறை எலும்பு உடைந்திருந்தது.

அடுத்தது ஸ்டேஷன். "பொம்பளைய ஸ்டேஷனுக்கு அலைய விடுறதா?" என்று சித்தப்பா தயங்கினார். விசாரணைக்காக ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தை விட்டு வரும்படி போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்குக் காசில்லாமல் தர வேண்டும். நஷ்ட ஈட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். நாம் வசிக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

வக்கீல் ஆபீசில்தான் அடுத்த இடி விழுந்தது.

"அம்மாவுக்கு என்ன தொழில்?"

"தொழிலெல்லாம் ஒண்ணுமில்லங்க. வீட்லதான் இருக்கா" என்றார் சித்தப்பா. மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

விடிகாலையில் எழுந்து இரண்டு மாட்டில் பால் கறந்து, அதை சங்கத்தில் ஊற்றி, புல் அறுத்து, சமைத்து, மாமியாரைக் குளிப்பாட்டுகிற பெண்ணுக்குத் தொழில் ஒண்ணுமில்லை. பால் சங்கத்து அட்டையைக் காட்டலாம் என்றால் அது சித்தப்பா பேரில் இருந்தது. கறந்தது இவர், ஊற்றியது இவர், காகிதத்தில் மட்டும் இவர் இல்லை.

டெல்லியில் விபத்தில் இறந்துபோன ஒரு தம்பதியின் வழக்கில், 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித்தான் பேசியது. வீட்டு வேலையைத் தன் முக்கிய வேலையாகச் சொன்னவர்கள் 2011 கணக்கெடுப்பில் சுமார் 16 கோடிப் பெண்கள், ஆண்கள் 58 லட்சம் பேர்தான் என்பதை எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட்டு நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது. அதனால் மனுவில் 'வேலை இல்லை' என்று எழுத விடாதீர்கள். என்னென்ன செய்தீர்கள், எத்தனை நாள் செய்ய முடியாமல் போனது, உங்களுக்குப் பதில் யார் செய்தார்கள், அவர்களுக்கு எவ்வளவு கூலி என்று எழுதி வையுங்கள். சித்தி படுத்திருந்த இரண்டு மாதமும் பால் கறக்க ஒரு ஆளைக் கூலிக்கு வைத்தார்கள். அந்தக் கூலியை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதியது சித்தப்பாதான். எழுத எழுத அவர் முகத்தில் ஏதோ மாறியது.

வழக்கு இன்னும் நடக்கிறது. என்ன கிடைக்கும் என்று தெரியாது.

எலும்பு கூடியதும் சித்தி சைக்கிளைக் கடைக்கு அனுப்பச் சொன்னார். "இனிமே எதுக்கு சைக்கிள்? நானே ஊத்திட்டு வர்றேன்" என்றார் சித்தப்பா.

"அந்தக் கார்க்காரன்கிட்ட இனிமே எதுக்குக் காருன்னு கேட்டீங்களா?" என்றார் சித்தி.

இப்போது தினமும் காலையில் அவர்தான் போகிறார். பால் அட்டையையும் தன் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறார். எதிரே பார்த்தால் நான், "தோள் எப்படி இருக்கு சித்தி?" என்று கேட்பேன்.

"மேட்டுல மிதிக்கும்போது வலிக்குதுடி" என்பார். ஒண்ணுமில்லை என்று சொல்வதில்லை.